நகமும் சதையும்

நெருங்கிப் பழகும் இருவரை ‘நகமும் சதையும் போல’ என்று சொல்வது நம் வழக்கம். தந்திக் கருவி வாசிப்பவர்களிடம் இந்த உவமையைச் சொன்னால் ஒருவேளை சிரித்துவிடுவார்கள். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாக அவர்களிடையே நகத்துக்கும் சதைக்கும் ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. தந்தியைத் தீண்ட வேண்டியது விரலின் சதையா, நகமா, அல்லது நகத்தின் இடத்தில் நாம் மாட்டிக்கொள்ளும் வேறொரு பொருளா என்பதே அந்த வழக்கு. அதன் ஆவணங்களைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கும் ஆசை எங்களுக்கு வந்தது திருநின்றவூரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில்.

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் தடத்தில், ஆவடியைக் கடந்து சற்றுத் தொலைவில் இருக்கிறது அவ்வூர். நண்பர் ஒருவரின் வீட்டு மாடியில் கூடிப் பேசுவது எங்கள் வழக்கம். அன்று பேச்சைத் தொடங்கவிடாமல் பக்கத்து வீட்டுப் பையன் கிதாரைத் தலைகீழாகப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தான். என்னவென்று விசாரித்தோம். விரலில் மாட்டியிருந்த உலோக நகம் வாசிக்கும் வேகத்தில் கழன்று, கருவியின் வட்டத் துளைக்குள் விழுந்துவிட்டதாம். அது உள்ளே கலகலவென்று உருண்டதே தவிர வெளியே வரவில்லை. இறுக்கி மாட்டினால் விரல் வலிக்கிறது, தளர்த்தினால் கழன்றுவிடுகிறது என்று அவன் அலுத்துக்கொண்டான்.

சத்தம் கேட்டு கீழ்வீட்டிலிருந்து ஒரு அம்மையார் ஏறி வந்தார். அறுபதைக் கடந்தவர், அந்தத் தெருவில் பல ஆண்டுகள் வீணை சொல்லிக்கொடுத்தவர். தெருவே அவரை ‘டீச்சர்’ என்றுதான் அழைக்கிறது. கிதாரை வாங்கி ஒரு பக்கமாகச் சாய்த்து மெல்லத் தட்டினார்; நகம் வெளியே விழுந்தது. பிறகு அவர் செய்ததுதான் எங்களுக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. ஒரு நூல்கண்டும், வீணையின் மேளக்கட்டு மெழுகில் ஒரு சிறு உருண்டையும் கொண்டுவரச் செய்தார். நகத்தின் இரு காதுகளிலும் நூலை நெருக்கமாகச் சுற்றி, அதன் மேல் மெழுகைத் தேய்த்து, பையனின் ஆள்காட்டி விரலில் பொருத்தி, காதுகளைக் கையாலேயே மெல்ல அமுக்கினார். ‘விரலை மடக்கிப் பாருடா கண்ணா. நுனி வெளுத்தா இறுக்கம். சுத்தினா தளர்வு. ரெண்டும் இல்லாம இருக்கணும்’ என்றார். பையன் வாசித்தான், நகம் அசையவில்லை.

அவருடைய விரல்களை அப்போதுதான் கவனித்தோம். கணுக்கள் வீங்கியிருந்தன. ‘நீங்கள் இப்போது வாசிப்பதுண்டா?’ என்று கேட்டோம். ‘நகம் மாட்ட முடியல. வெறும் விரலால வாசிச்சா எனக்கே சரியாக் கேக்கல’ என்று சிரித்தபடி இறங்கிப் போய்விட்டார்.

அன்று நாங்கள் பேச எடுத்துவந்த நூல் பைக்குள்ளேயே இருந்துவிட்டது.

*

முதலில் பொருளைப் பார்ப்போம். வீணைக்கு நாம் மாட்டும் நகம் மிக எளிய பொருள். எஃகுக் கம்பியை வளைத்து விரல்நுனிக்குத் தக்க வளையமாக்கி, அதன் முனை விரலைக் கொஞ்சம் தாண்டி நீளும்படி செய்திருப்பார்கள். வலக்கையின் ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் மாட்டிக்கொள்வார்கள். இந்த இரு விரல்களும் சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம் ஆகிய நான்கு வாசிப்புத் தந்திகளை மேலிருந்து கீழாக மீட்டும். பக்கவாட்டில் உள்ள மூன்று தாளத் தந்திகளைச் சுண்டுவிரல் தன் இயற்கை நகத்தால் கீழிருந்து மேலாகத் தட்டும். ஆக, ஒரே கையில் கம்பியும் நகமும் சேர்ந்து வேலை செய்கின்றன. இந்துஸ்தானி இசையில் சித்தார் வாசிப்பவர் இதன் உறவினரான மிஸ்ராப்பை ஆள்காட்டி விரலில் மட்டும் அணிகிறார். சரோதுக்காரர் விரலில் எதையும் மாட்டுவதில்லை. தேங்காய் ஓட்டைத் தேய்த்துச் செய்த ஒரு சில்லைக் கையில் பிடித்துக்கொள்கிறார்.

இத்தனை எளிய பொருள் ஏன் இத்தனை தொல்லை தருகிறது? விரல்நுனி நாள் முழுதும் ஒரே அளவில் இருப்பதில்லை. வெயிலில் சற்றுப் பருக்கும், மார்கழி விடியலில் சுருங்கும், வியர்வையில் வழுக்கும். உலோகம் இவ்வாறு இணங்கிக் கொடுக்காது. காலையில் பொருந்திய வளையம் மாலையில் கடிக்கிறது, அல்லது சுழல்கிறது. மேலும் விரல்நுனி முழு வட்டமும் அன்று. நகத்தின் பக்கம் தட்டை, சதையின் பக்கம் திரட்சி. வட்டமான வளையத்தை அதில் மாட்டினால் இரண்டு புள்ளிகளில் மட்டும் அழுத்தும், மற்ற இடங்களில் இடைவெளி விடும். ஆகவே அனுபவசாலிகள் வளையத்தை முட்டை வடிவாக அமுக்குகிறார்கள். நகத்தின் வேருக்கும் முதற் கணுவுக்கும் இடையில் அது உட்கார வேண்டும். கணுவின் மேல் ஏறினால் விரல் மடங்காது, நுனிக்கு இறங்கினால் ஒவ்வொரு மீட்டிலும் நழுவும். எவ்வளவு இறுக்கம் தேவை என்பதை மீட்டின் விசைதான் முடிவு செய்கிறது. முனை நீளமாக இருந்தால் தந்தி அதை நெம்பும். நெம்பினால் வளையம் சுழலும். எனவே முனையைக் குறைத்தாலே பாதி இறுக்கம் தேவையற்றுப் போகும்.

கிதாரின் நகமும் இதே நியதிகளுக்கு உட்பட்டதே. கட்டைவிரலுக்குரியது பெரும்பாலும் பிளாஸ்டிக்கால் ஆனது. அதை வெந்நீரில் சிறிது நேரம் இட்டு, மிருதுவானதும் விரலின் வடிவுக்கு வளைத்து, தண்ணீரில் ஆறவிடுவார்கள். மற்ற விரல்களுக்கு மெல்லிய உலோகத் தகடு. இருபுறமும் காதுகள் இருக்கும், அவற்றைக் குறட்டால் சிறிது சிறிதாக வளைப்பார்கள். தகட்டின் அலகு நேராக நீட்டிக்கொண்டிராமல் விரற்சதையின் வளைவைத் தழுவி மேலேற வேண்டும். வழுக்கினால் தேன்மெழுகோ, பிளாஸ்திரித் துண்டோ, காதுகளில் சுற்றிய நூலோ உதவும். திருநின்றவூர் டீச்சர் கிதாரைத் தொட்டவர் அல்லர். ஆனால் அவருடைய கை இதையெல்லாம் அறிந்திருந்தது.

*

இனி வழக்கின் மிகப் பழைய ஆவணம். பரதரின் நாட்டிய சாஸ்திரம் இரண்டு வீணைகளைக் குறிப்பிடுகிறது. ஒன்று சித்ரா, ஏழு தந்திகள் கொண்டது, விரல்களால் வாசிப்பது. மற்றொன்று விபஞ்சீ, ஒன்பது தந்திகள் கொண்டது, கோணத்தால் வாசிப்பது. கோணம் என்றால் இன்று நமக்கு வடிவியல்தான் நினைவுக்கு வரும். வடமொழியில் தந்தியை மீட்டும் கருவிக்கும் அதுவே பெயர். கருவிகளைப் பிரித்துச் சொல்ல வந்த அந்நூல், தந்திகளின் எண்ணிக்கையோடு எதனால் தீண்டுவது என்பதையும் ஓர் இலக்கணமாகக் கொண்டது கவனிக்கத்தக்கது. தீண்டும் பொருள் மாறினால் கருவியே வேறு என்று அக்காலத்தவர் கருதியிருக்க வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தமிழகத்தில் கோட்டுவாத்தியம் என்று வழங்கிய கருவிக்கு இன்று சித்ரவீணை என்ற பெயர் நிலைபெற்றிருக்கிறது. திருவிடைமருதூர் சகாராம ராவ், பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள், நாராயண ஐயங்கார் போன்றோர் வளர்த்த அக்கருவியில் இடக்கை ஒரு உருளையை வழுக்கிச் செல்லும். வலக்கை விரல்களில் கம்பி நகம் இருக்கும். விரலால் வாசிப்பது என்று பரதர் குறித்த பெயரைத் தாங்கிய கருவி நகத்தால் வாசிக்கப்படுகிறது! பெயர்கள் காலத்தைக் கடந்து வரும்போது தம் வழக்கை மறந்துவிடுகின்றன போலும்.

புதுக்கோட்டைக்கு அருகில் குடுமியான்மலையில் உள்ள இசைக் கல்வெட்டும் இங்கே சாட்சிக்கு வருகிறது. எழுத்தமைதியைக் கொண்டு அதை ஏழாம் நூற்றாண்டினது என்று அறிஞர்கள் கொள்வர். அதில் சுரக்கோவைகள் ‘சதுஷ்பிரஹாரம்’ என்ற பெயரில் நான்கு நான்காக வகுக்கப்பட்டுள்ளன. பிரஹாரம் என்றால் அடி, மீட்டு. பாறையில் இசையை எழுத முனைந்தவர் அதை வலக்கையின் தீண்டல்களாக எண்ணினார் என்பது நமக்கு வியப்பளிக்கிறது. இடக்கைதான் சுரத்தைக் காட்டுகிறது. ஆனால் கணக்கு வைப்பது வலக்கை.

நம் யாழ் மரபு சதையின் கட்சி என்றே தோன்றுகிறது. சிலப்பதிகாரத்தின் கானல்வரி, மாதவி யாழ் கையிலெடுத்ததும் எட்டு வகை இசைக்கரணங்களைப் பேசுகிறது; வார்தல், வடித்தல், உந்தல் என்று தொடங்கும் அவை விரல்களின் தொழில்கள். எந்த விரல் எத்திசையில் நகர்ந்தால் எத்தொழில் என்பதை உரைகாரர்கள் விரித்துரைக்கிறார்கள். யாழின் தந்திக்கு நரம்பு என்றே பெயர். விலங்கின் நரம்பும் மனித விரலும் ஒரே இனம். இரண்டும் மென்மையானவை, இரண்டும் ஈரத்தை உறிஞ்சுபவை. விபுலாநந்த அடிகள் பல ஆண்டு உழைப்பில் எழுதிய ‘யாழ் நூல்’ 1947இல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியபோது, அக்கருவி வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. அவர் கணக்குகளின் வழியே சுருதிகளை மீட்டார். அந்த விரல்கள் எழுப்பிய ஒலியின் தன்மையை எந்தக் கணக்காலும் மீட்க இயலாது.

தஞ்சையில் இரகுநாத நாயக்கர் காலத்தில், அதாவது 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், இருபத்துநான்கு மெட்டுகள் மெழுகில் நிலையாகப் பதிக்கப்பட்ட வீணை உருப்பெற்றது என்பது மரபு. பலா மரத்துக் குடமும் உலோகத் தந்தியும் கொண்டது அது. பின்னர் 19ஆம் நூற்றாண்டில் பியானோவுக்காக ஐரோப்பாவில் செம்மைப்பட்ட எஃகுக் கம்பி உலகெங்கும் பரவியது. நரம்பு இருந்த இடத்தில் எஃகு வந்தபின், சதைக்கு எதிர்நிற்கும் வலிமை போதவில்லை. எஃகுக்கு எஃகே துணை என்று கம்பி நகம் வலுப்பெற்றது இயல்பே.

*

இது நம் நாட்டு வழக்கு மட்டும் அன்று. 1820களின் பிற்பகுதியில் பாரிஸ் நகரில் இரண்டு ஸ்பானியக் கிதார்க் கலைஞர்கள் நண்பர்களாக வாழ்ந்தார்கள். ஃபெர்னாண்டோ சோர் விரற்சதையால் வாசித்தார். தியோனிசியோ அகுவாதோ நகத்தால் வாசித்தார். சோர் தம் பயிற்சி நூலில் நக வாசிப்பைத் தம்மால் பொறுக்க இயலாது என்று எழுதிவிட்டு, அகுவாதோவை மட்டும் விலக்காக வைத்தார். அகுவாதோவோ சோரைக் கேட்டபின் தம் கட்டைவிரல் நகத்தைக் கைவிட்டதாகத் தம் நூலில் குறித்தார். இருவரும் சேர்ந்து வாசிக்க ‘இரு நண்பர்கள்’ என்ற பொருள்படும் பெயரில் ஓர் இருகிதார்ப் படைப்பைச் சோர் இயற்றினார். நகமும் சதையும் போல என்ற நம் சொலவடை பொருந்தும் இடம் இதுதான் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. ஒருவரையொருவர் வெல்ல முயலாமல் பக்கத்தில் அமர்ந்து வாசித்தார்கள்.

அடுத்த தலைமுறைகளில் வழக்கு கடுமையாயிற்று. பிரான்சிஸ்கோ தாரேகா (1852–1909) தம் இறுதி ஆண்டுகளில் நகத்தை முற்றிலும் வெட்டிவிட்டு வெறும் விரலுக்குத் திரும்பினார். ஒலி சிறுத்தது, அவர் பெரும்பாலும் வாசித்தது நண்பர்களின் கூடங்களில். அவர் மாணவர் எமிலியோ புஜோல் ஆசிரியரின் வழியை நியாயப்படுத்தி ஒரு நூலே எழுதினார். ஆனால் ஆந்த்ரே செகோவியா (1893–1987) கிதாரைப் பெரிய அரங்குகளுக்குக் கொண்டுபோனவர்; அவருக்கு நகம் தேவைப்பட்டது. உலகம் செகோவியாவின் பின்னே சென்றது.

*

தாரேகா நகத்தை வெட்டிய காலத்தில், சென்னை ஜார்ஜ் டவுனில் நடுவயதை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு பெண் கம்பி நகம் அணியாமல் வீணை வாசித்துக்கொண்டிருந்தார். ஒருவரை மற்றவர் அறிந்திருக்க வழியில்லை. அவர் வீணை தனம்மாள் (1867–1938).

தனம்மாளைப் பற்றி எழுதியவர்கள் அனைவரும் இரண்டு செய்திகளைத் தவறாமல் சொல்வார்கள். ஒன்று, அவர் வெறும் விரலால் மீட்டியது. மற்றொன்று, வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வீட்டில் நடந்த இசை. இவ்விரண்டையும் தனித்தனிச் செய்திகளாகவே நாம் படித்துவந்திருக்கிறோம். இரண்டும் ஒரே செய்திதான் என்பது எங்கள் எண்ணம். அந்த ஒலி சிறியது. அதற்கு அந்த அறை வேண்டும். அறையில் அமர்ந்திருந்தவர்களோ கேட்கத் தெரிந்தவர்கள். ஆகவே ஒலி பெரிதாக இருக்கத் தேவையில்லை. கம்பி நகம் தந்தியில் படும்போது ‘டிக்’ என்று ஒரு சிறு உலோகச் சத்தம் சுரத்துக்கு முன்னால் வரும். கூடத்தின் கடைசி வரிசைக்கு அது கேட்பதில்லை. எதிரே இரண்டடியில் அமர்ந்தவருக்குக் கேட்கும். இரண்டடியில் அமர்ந்தவர்களுக்காக வாசித்த கலைஞர் அதைத் தவிர்த்ததில் வியப்பில்லை. தந்தியை மீட்டியபின் அது அடங்கும்வரை இடக்கையின் இழுப்பில் கமகம் உயிர்வாழ்கிறது. மீட்டு எவ்வளவு மெல்லியதோ அவ்வளவுக்கு அந்த எச்ச ஒலியின் பக்கம் காது திரும்பும்.

ஆனால் அந்த அறைகள் நிலைக்கவில்லை. 1927இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி நடந்த இசை மாநாட்டின் விளைவாக, 1928இல் மியூசிக் அகாதெமி தோன்றியது. சபைகள் பெருகின, கட்டணம் செலுத்திய யாரும் கேட்கலாம் என்ற நிலை உருவாயிற்று. அது ஒரு வகையில் விடுதலையே என்பதை மறுக்க இயலாது. தனிப்பட்ட அழைப்பின்றி இசை கேட்க முடியாத பலருக்குக் கதவு திறந்தது. அதே காலத்தில் தேவதாசி முறைக்கு எதிரான இயக்கம் வலுத்து, 1947இல் சென்னை மாகாணச் சட்டத்தில் முடிந்தது. அம்முறையின் கொடுமைகள் ஒழிந்தது நன்று. ஆனால் அம்மரபுப் பெண்கள் தங்கள் இல்லங்களில், தங்கள் நிபந்தனைகளின்படி இசை நிகழ்த்திய இடங்களும் உடன் மறைந்தன. அவருடைய பேத்தியர் பிருந்தாவும் முக்தாவும் பாட்டிலும், பாலசரஸ்வதி நடனத்திலும் அந்த வழியைக் காத்தார்கள். 1930களில் பதிவான சில இசைத்தட்டுகளில் தனம்மாளின் வீணையை இன்றும் கேட்கலாம். ஊசியின் இரைச்சலுக்குள்ளிருந்து அந்த விரலைப் பிரித்தெடுக்க நாம்தான் கொஞ்சம் குனிய வேண்டியிருக்கிறது.

மற்ற வழிகள் வேறு விதமாகத் தீர்த்துக்கொண்டன. மைசூர் வழியில் இயற்கை நகத்தை வளர்த்து மீட்டும் பழக்கம் வேரூன்றியது. சாம்பசிவ ஐயரின் (1888–1958) காரைக்குடி வழி கம்பி நகத்தின் தெளிவையும் தாளத் தந்தியின் கணக்கையும் தன் அழகாக்கிக்கொண்டது. இவற்றில் எது உயர்வு என்று தீர்ப்பளிக்க நமக்குத் தகுதியில்லை. ஒன்றை மட்டும் சொல்லலாம்: விரல்நுனியில் என்ன இருக்க வேண்டும் என்பதைக் கலைஞரின் விருப்பம் மட்டும் முடிவு செய்யவில்லை, தந்தியின் உலோகமும், கூடத்தின் அகலமும், கேட்பவர் அமர்ந்த தூரமும் சேர்ந்தே முடிவு செய்தன.

*

அந்தப் பையனின் விரலிலிருந்த தகட்டு நகத்துக்கும் இதே கதைதான். 1880களின் இறுதியில் ஹவாய்த் தீவுகளில் ஜோசப் கெகுகு என்னும் இளைஞர் கிதார்த் தந்தியின் மேல் உலோகத் துண்டை வழுக்கி வாசிக்கும் முறையைக் கண்டார் என்பர். கிதார் மடியில் கிடத்தப்பட்டது. எஃகுத் தந்தி மாட்டப்பட்டது. வலக்கைக்கு நகங்கள் வேண்டியதாயிற்று. பெரிய ஆட்டக்கூடங்களில் மற்ற வாத்தியங்களுக்கு நடுவே கேட்க வேண்டிய தேவை 1920களில் உலோக வயிறு கொண்ட கிதார்களைத் தோற்றுவித்தது. உலோக விரல்நகமும் அத்துடன் செழித்தது. 1945இன் இறுதியில் பில் மன்றோவின் குழுவில் சேர்ந்த ஏர்ல் ஸ்க்ரக்ஸ், கட்டைவிரலிலும் இரு விரல்களிலும் நகம் மாட்டிப் பாஞ்சோவில் காட்டிய வேகம் அந்தச் சிறு தகட்டை உலகறியச் செய்தது.

ஹவாய் இசை இந்தியாவுக்கும் வந்தது. டாவ் மோ என்ற கலைஞர் 1929இல் ஒரு குழுவுடன் இங்கே வந்து, பின்னர் 1940களில் சில ஆண்டுகள் கல்கத்தாவில் தங்கியிருந்தார். அங்கிருந்து கிளைத்த மரபை பிரிஜ் பூஷண் காப்ரா இராகங்களுக்குத் திருப்பினார். சிவகுமார் சர்மா, ஹரிபிரசாத் சௌராசியா ஆகியோருடன் அவர் 1967இல் அளித்த இசைத்தட்டு இன்றும் விற்கிறது. விசுவ மோகன் பட் தம் மோகன வீணைக்காக 1994இல் கிராமி விருது பெற்றார். இவர்களில் சிலர் அமெரிக்கத் தகட்டை ஒதுக்கிவிட்டுச் சித்தார்க்காரரின் மிஸ்ராப்பையே கிதார் விரலில் மாட்டிக்கொண்டார்கள். திருநின்றவூர் மாடியில் வீணை மெழுகு கிதார் நகத்துக்குச் சென்றது புதுமையல்ல. அந்தப் போக்குவரத்து நெடுங்காலமாக நடந்துவருகிறது.

நகத்தை விரலில் நிறுத்தும் கலை ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு வகையில் வாய்த்திருக்கிறது. ஜப்பானியக் கோதோவில் தோல் வளையத்தில் பொருத்திய நகங்களைக் கட்டைவிரலிலும் அடுத்த இரு விரல்களிலும் அணிகிறார்கள். சீனத்துக் குசெங் வாசிப்பவர் நகத்தை விரலோடு நாடாவால் சுற்றி ஒட்டிக்கொள்கிறார். அரபு நாட்டுக் கானூனில் உலோக மோதிரத்துக்கும் விரலுக்கும் நடுவே சில்லைச் செருகுகிறார்கள். கொரியக் கயகம் மட்டும் எதுவும் வேண்டாமென்று வெறும் விரலோடு நிற்கிறது. வளையம், நாடா, மோதிரம், வெறுங்கை. மனிதன் கண்ட தீர்வுகள் இவ்வளவே. எதுவும் முழுத் தீர்வல்ல என்பதற்கு எல்லாம் இன்றும் புழக்கத்தில் இருப்பதே சான்று.

*

திரு என்னும் இலக்குமி வந்து நின்ற ஊர் என்பதால் திருநின்றவூர் என்று பெயர் வந்ததாகத் தலபுராணம் கூறும். பக்தவத்சலப் பெருமாள் கோயில் நூற்றெட்டுத் திவ்விய தேசங்களுள் ஒன்று. ஆனால் எங்களை அவ்வூருடன் பிணைப்பது மற்றொரு கோயில். பொருள் இல்லாத பூசலார் தம் மனத்துக்குள்ளேயே கல்லும் மரமும் சேர்த்து, நாள்தோறும் கட்டி முடித்த கோயிலின் கதையைச் சேக்கிழார் பாடியிருக்கிறார். காஞ்சியில் பெருங் கற்றளி எழுப்பிய பல்லவ மன்னன், தன் குடமுழுக்கைத் தள்ளிப்போடும்படி கனவில் இறைவன் சொல்லக் கேட்டு, அந்த அன்பர் கட்டிய கோயிலைத் தேடி இவ்வூருக்கு வருகிறான். அவனை இராசசிம்மன் என்று வரலாற்றறிஞர் அடையாளம் காண்பர்; கற்றளி கைலாசநாதர் கோயில். ஊரார் அப்படி ஒரு கோயில் இல்லையென்று சொல்கிறார்கள். இன்று இருதயாலீசுவரர் கோயில் அந்த நினைவைத் தாங்கி நிற்கிறது.

அந்தக் கதையை இத்தனை காலமும் பக்தனின் பெருமையாகவே வாசித்துவந்தோம். இப்போது மன்னனின் இடத்திலிருந்தும் வாசிக்கத் தோன்றுகிறது. பெரிய கோயிலைக் கட்டியவன் அதை விட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத் தேடி ஊர் ஊராக விசாரித்து வந்தானே, அந்த வருகைதான் பூசலாரின் கோயிலை உலகுக்குக் காட்டியது. சிறு ஒலிக்கும் அதுவே நிலை. அதைப் பெரிதாக்க நகம் உண்டு, ஒலிபெருக்கி உண்டு. மற்றொரு வழியும் உண்டு. கேட்பவர் எழுந்து அருகில் வருவது.

அடுத்த மாதக் கூட்டத்தன்று நாங்கள் மாடிக்கு ஏறவில்லை. டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டினோம். வாசித்துக் காட்ட வேண்டும் என்று கேட்க முதலில் தயங்கினோம், அவரும் மறுத்தார். பையன் மின்விசிறியை நிறுத்திவிட்டு, ‘டீச்சர், கிட்ட உக்காந்துக்கறோம்’ என்றான். உறையை நீக்கிச் சுருதி கூட்டவே அவருக்கு நெடுநேரம் ஆயிற்று. பாயில் நாங்கள் ஐந்து பேரும் முழங்கால் இடிக்க வீணையைச் சுற்றி அமர்ந்தோம். அவர் வெறும் விரலால் மீட்டினார். ஒரு மின்தொடர் வண்டி கடந்தபோது ஒன்றும் கேட்கவில்லை. அவர் நிறுத்தவில்லை, வண்டி போனபின் அந்தச் சுரம் இன்னும் அங்கே இருந்தது.

முடிந்ததும் அவர் முதலில் பையனின் கையைப் பிடித்து நகத்தைத் திருப்பிப் பார்த்தார். நூல் கொஞ்சம் பிரிந்திருந்தது. வேறு நூல் எடுத்துவரச் சொன்னார்.